பிரஷர் உள்ள வீட்டுக்கு எந்த எண்ணெய்?

“டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். எந்த எண்ணெய் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.” ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் வீடுகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. செக்கு நல்லெண்ணெய் இருக்க வேறெதற்கு என்கிறார் மாமியார். தவிட்டெண்ணெய் பாக்கெட்டில் இதயம் வரைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ஆலிவ் எண்ணெய் டின் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்கிடையில் ரேஷன் பாமாயிலும் மாதாமாதம் வீடு வந்து சேர்கிறது. இதில் எதை அடுப்படியில் வைத்துக்கொள்வது?

என் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிரஷர். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் சொந்தக் கேள்விதான். படித்ததையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான எண்ணெய் மாத்திரைக்குத் துணை நிற்கும், மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. அந்தத் துணையும் எண்ணெயின் பெயரால் மட்டும் வருவதில்லை. எவ்வளவு ஊற்றுகிறோம், எத்தனை தடவை காய்ச்சுகிறோம், அதோடு எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பதையும் பொறுத்தது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கொழுப்பின் அமைப்பு. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். பிரஷரால் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரில் அது எளிதாகப் படியும். பிரஷரும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து வரும்போது இதயத்துக்கு ஆபத்து பலமடங்காகிறது. அதனால் பிரஷர்காரர் எண்ணெய் பார்க்கும்போது கொலஸ்ட்ராலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணெயோடு வரும் ஆன்டிஆக்சிடன்ட். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிவதற்கு அதுதான் உத்தரவு. பிரஷர் உள்ளவர்களின் ரத்தக்குழாயில் ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் வேகமாக வினைபுரியும் ஆக்சிஜன் துகள்கள் அதிகம். அவை அந்த வாயுவை வேலை செய்யும் முன்பே அழித்துவிடுகின்றன. குழாய் இறுகியே இருக்கிறது. எண்ணெயில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட் இந்த அழிவைக் குறைக்கலாம் என்பதுதான் பிரஷருக்கு எண்ணெயைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படை. விதையில் இருந்த சத்து, சுத்திகரிப்பையும் அடுப்பையும் தாண்டித் தட்டு வரைக்கும் வருகிறதா என்பதையும் இங்கே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிரஷர் உள்ள மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எலியிடம் வேலை செய்ததெல்லாம் நம்மிடம் செய்வதில்லை. நான்காவது, நம் சமையலுக்குப் பொருந்துமா? ஐந்தாவது, மாதம் முழுக்க வாங்கக் கட்டுப்படியாகுமா?

கொழுப்பின் அளவுகள் கீழே. நூறு பங்கு எண்ணெயில் தோராயமாக எத்தனை பங்கு என்று படிக்கவும். பயிர் ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

| எண்ணெய் | நிறைவுற்றது | ஒற்றை நிறைவுறாதது | பல நிறைவுறாதது | உடன் வரும் ஆன்டிஆக்சிடன்ட் |
|---|---|---|---|---|
| நல்லெண்ணெய் | 15 | 40 | 42 | செசமின், செசமோலின், செசமால் |
| தவிட்டெண்ணெய் | 21 | 41 | 35 | ஒரைசனால், வைட்டமின் இ வகைகள் |
| கடலை எண்ணெய் | 18 | 48 | 32 | வைட்டமின் இ |
| எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் | 14 | 73 | 10 | பாலிஃபீனால்கள் |
| சூரியகாந்தி | 11 | 25 | 62 | வைட்டமின் இ (அதிகம்) |
| பாமாயில் (ரேஷன்) | 43 | 44 | 11 | சுத்திகரித்தபின் குறைவு |
| தேங்காய் எண்ணெய் | 90 | 6 | 2 | மிகக் குறைவு |

## நல்லெண்ணெய்

நல்லெண்ணெயின் தனித்தன்மை எள்ளில் மட்டும் நிறைந்திருக்கும் செசமின், செசமோலின் என்ற இரண்டு பொருள்கள். சூடுபட்டால் செசமோலினிலிருந்து செசமால் பிறக்கிறது. அது வலுவான ஆன்டிஆக்சிடன்ட். மற்ற எண்ணெய்களில் அடுப்பு ஏறியதும் சத்து குறைந்துகொண்டே போகும். நல்லெண்ணெயில் தாளிக்கும்போதே புதிதாகக் கொஞ்சம் உருவாகிறது. இத்தனை நிறைவுறாக் கொழுப்பு இருந்தும் நல்லெண்ணெய் சீக்கிரம் காறிப்போகாததற்கும், ஊறுகாய்க்கு நம் பாட்டிமார் அதையே ஊற்றியதற்கும் இதுதான் காரணம்.

மனிதர்களிடம் நடந்த சோதனை வெகுதூரத்தில் இல்லை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்த 50 பேரிடம் 45 நாட்களுக்குச் சமையலுக்கு நல்லெண்ணெய் மட்டுமே பயன்படுத்தச் சொன்னார்கள். பிரஷர் இறங்கியது. பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. படிக்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு. வேறு எண்ணெய் சாப்பிடும் ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை. ஆய்வில் சேர்ந்தவுடன் மனிதர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள், சாப்பாட்டில் கவனமாக இருப்பார்கள். இறங்கியதில் எவ்வளவு எண்ணெயின் பங்கு, எவ்வளவு இந்தக் கவனத்தின் பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம்பிக்கை தரும் ஆய்வு என்ற அளவில் இதை எடுத்துக்கொள்கிறேன்.

சமையலில் நல்லெண்ணெய்க்குப் பொருத்தமான இடங்கள் நிறைய. புளிக்குழம்பு, தோசை, தாளிப்பு, இட்லிப் பொடி, சூடான சோற்றில் ஒரு சொட்டு. பூரி, வடை பொரிப்பதற்கு இது சரிப்படாது; சுத்திகரிக்காத நல்லெண்ணெய் சீக்கிரம் புகையும், நுரைக்கும்.

நல்லெண்ணெய் எதோடு சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள். இட்லிப் பொடி, வத்தக்குழம்பு, ஊறுகாய், புளிக்காய்ச்சல், எல்லாமே உப்பு தூக்கலான பண்டங்கள். பிரஷருக்கு நல்லது என்று நல்லெண்ணெய்க்கு மாறியவர், அதைக் குழைத்துச் சாப்பிடத் தினமும் இரண்டு கரண்டி பொடி சேர்த்துக்கொண்டால், எண்ணெயால் கிடைத்த லாபம் உப்பில் போய்விடும். எங்கள் வீட்டில் முதல் ஒரு மாதம் இதுதான் நடந்தது. அம்மா இப்போது உப்பைப் பாதியாக்கிப் பொடி இடிக்கிறார். கறிவேப்பிலையும் எள்ளும் கூடுதலாகப் போட்டால் உப்புக் குறைவு தெரியவில்லை.

கடையில் இன்னொரு எச்சரிக்கை. ‘தீப எண்ணெய்’, ‘விளக்கு எண்ணெய்’ என்று மலிவாகக் கிடைப்பவை வேறு எண்ணெய்கள் கலந்தவை, சாப்பிடுவதற்கல்ல. பாட்டிலின் நிறமும் எள் படமும் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். கெட்டித் தங்கநிறம், கருப்பட்டி போட்டு ஆட்டிய லேசான இனிப்பு மணம், நம்பும் செக்கு ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். விலை பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வரும். மிகவும் மலிவாகக் கிடைக்கும் ‘செக்கு நல்லெண்ணெய்’ மேல் சந்தேகப்படலாம்.

## தவிட்டெண்ணெய், அப்புறம் அந்த 80:20 கலவை

அரிசித் தவிட்டில் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. நெல் ஆலையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தவிட்டுக் கொழுப்பை அது கெடுக்கத் தொடங்கும். அதனால் தவிட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தி, பெரிய ஆலைகளில் கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. செக்கில் ஆட்டிய தவிட்டெண்ணெய் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சுத்திகரிக்கும் முறையில்தான் வித்தியாசம். காரம் (ஆல்கலி) சேர்த்துச் சுத்தம் செய்யும் முறையில், தவிட்டெண்ணெயின் ஆன்டிஆக்சிடன்டான ஒரைசனாலின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். ஆவியால் சுத்திகரிக்கும் முறையில் நிறைய மிஞ்சும். பாக்கெட்டில் ‘ஃபிசிக்கலி ரிஃபைன்ட்’ என்றும், ஒரைசனால் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்றும் அச்சிட்டிருந்தால் அதை எடுங்கள். 10,000 பிபிஎம்மை ஒட்டி இருந்தால் நல்லது. இதயம் வரைந்திருப்பதை வைத்து வாங்க வேண்டாம்.

டெல்லியில் 300 பிரஷர் நோயாளிகளிடம் 60 நாட்கள் நடந்த சோதனை 2012இல் அமெரிக்க இதய சங்கத்தின் கூட்டத்தில் வெளியானது. சுத்திகரிக்காத நல்லெண்ணெய் 20 பங்கு, தவிட்டெண்ணெய் 80 பங்கு சேர்ந்த கலவை. நாளைக்குச் சுமார் 35 கிராம். கலவை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 14 புள்ளி இறங்கியது. நிஃபெடிபைன் என்ற பிரஷர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 16. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 36. கொலஸ்ட்ராலும் குறைந்தது.

எண்களைப் பார்த்ததும் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை மறைக்காமல் நடந்த ஆய்வு அது. 60 நாள் கணக்கு. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தனவா என்று அது பார்க்கவே இல்லை. மாத்திரைகளுக்கு அந்தச் சான்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 36 என்ற அந்தக் கடைசி எண்ணில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: ஏற்கெனவே மாத்திரையில் பிரஷர் கட்டுக்குள் இருப்பவருக்கு உணவு மாற்றமும் சேரும்போது எழுந்து நிற்கையில் தலைசுற்றினால், அதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னபிறகும், எண்ணெய்களில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இந்தக் கலவைதான். தவிட்டெண்ணெய் வாசனையற்றது, சூட்டைத் தாங்கும், விலை நடுத்தரம். நல்லெண்ணெயின் சத்தும் மணமும் அதில் சேர்ந்துவிடுகின்றன. மாதச் செலவும் முழு நல்லெண்ணெய்ச் செலவில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடுகிறது. நாலு டம்ளர் தவிட்டெண்ணெய்க்கு ஒரு டம்ளர் நல்லெண்ணெய் என்று வீட்டிலேயே கலக்கலாம். கடையில் ‘கலப்பு எண்ணெய்’ என்று முத்திரையோடு வருபவற்றில் எது எத்தனை சதவீதம் என்று படியுங்கள். பலவற்றில் நல்லெண்ணெயே இருக்காது.

## ஆலிவ் எண்ணெய்

சான்று என்று பார்த்தால் முதலிடம் இதற்குத்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸில் 23 பிரஷர் நோயாளிகள் ஆறு மாதம் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ், ஆறு மாதம் சூரியகாந்தி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். 2000இல் முடிவு வெளியானது: ஆலிவ் காலத்தில் மாத்திரைத் தேவை 48 சதவீதம் குறைந்தது, சூரியகாந்தியில் வெறும் 4 சதவீதம். ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ‘ப்ரெடிமெட்’ ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குறை தெரியவந்ததால் 2013 கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018இல் கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

ஆனால் அவர்கள் அந்த எண்ணெயைக் காய்கறி, பருப்பு, மீன், பழத்தோடு சாப்பிட்டார்கள். பச்சைக் காய்கறி மேல் ஊற்றியும் சாப்பிட்டார்கள். பாலிஃபீனால்தான் இதன் மதிப்பு. நாக்கில் லேசாகக் கசந்து, தொண்டையில் கரகரக்கும் எண்ணெயில்தான் அது இருக்கிறது. நம் கடைகளில் ‘லைட்’, ‘பொமேஸ்’, ‘இந்தியச் சமையலுக்கு’ என்று விற்பவை சுத்திகரித்தவை. பாலிஃபீனால் பெரும்பாலும் போய்விட்டது. அதற்கு நான்கு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. உண்மையான எக்ஸ்ட்ரா வெர்ஜின் லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்று மாதத்தில் மணம் போய்விடும்.

தினமும் சாலட், சுண்டல், சூப் சாப்பிடும் பழக்கமும் வசதியும் உள்ளவர் வாங்கலாம். சாம்பார் தாளிக்க வேண்டாம்.

## கடலை எண்ணெய்

இதில் தனிச்சிறப்பான ஆன்டிஆக்சிடன்ட் இல்லை, பிரஷருக்கென்று பெரிய ஆய்வும் இல்லை. கொழுப்பின் அமைப்பு நன்றாக இருக்கிறது, பொரிக்கத் தாங்குகிறது, நாக்குக்குப் பழகிய ருசி. ஏற்கெனவே கடலை எண்ணெயில் சமைப்பவர் அளவைக் குறைத்தாலே போதும், மாறியே ஆக வேண்டும் என்பதில்லை.

செக்கில் வாங்கும்போது பூஞ்சை பிடித்த பருப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள். அதில் வரும் அஃப்லடாக்சின் ஈரலுக்கு நஞ்சு. ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. கறுத்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எடுத்து நீங்களே கொண்டுபோய் ஆட்டுவது நல்லது.

## சூரியகாந்தி, பாமாயில், தேங்காய்

சூரியகாந்தி எண்ணெய் எல்.டி.எல்.லைக் குறைக்கும், வைட்டமின் இ மிகுதி, விலையும் எட்டும். மென்மையான சமையலுக்குச் சரி. பல நிறைவுறாக் கொழுப்பு 60 பங்குக்கு மேல் இருப்பதால் நெடுநேரம் பொரித்தால் சீக்கிரம் சிதைந்து ஆல்டிஹைடு போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன.

ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை வைத்துத்தான் மாதத்தை ஓட்டும் குடும்பத்திடம் ஆலிவ் வாங்கச் சொல்வது மனசாட்சி இல்லாத அறிவுரை. அந்த வீட்டுக்கு நான் சொல்வது: பாமாயிலைப் பாதியாக்கி, மிச்ச நாட்களுக்கு அரை லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்குங்கள். ஒருமுறை பொரித்த பாமாயிலை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். மலேசியாவில் எலிகளுக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாமாயிலைக் கொடுத்தபோது பிரஷர் ஏறியது, புதிய எண்ணெயில் அப்படி ஏறவில்லை.

தேங்காய் எண்ணெய் அவியல் மேல் ஒரு கரண்டி ஊற்றும் மணத்துக்கு இருக்கட்டும். பிரஷரோடு கொலஸ்ட்ராலும் இருந்தால் தினச் சமையலுக்கு வேண்டாம்.

## பாட்டிலில் எழுதாத செலவுகள்

முதல் செலவு அளவு. ஆய்வுகளில் கொடுத்த 35 கிராம் எண்ணெயில் 315 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய் 27 கிராம் என்கிறது. அதாவது நால்வர் வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். ஆய்வைப் பார்த்து ஏற்கெனவே ஊற்றுவதற்கு மேல் இரண்டு கரண்டி ‘நல்ல’ எண்ணெய் சேர்த்தால் எடை ஏறும், எடை ஏறினால் பிரஷரும் ஏறும். ஒரு கிலோ எடை குறைந்தால் பிரஷர் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குகிறது. எண்ணெயை மாற்றுங்கள், கூட்டாதீர்கள். மாத ஆரம்பத்தில் மூன்றரை லிட்டரைத் தனியே எடுத்து வைத்து அதிலேயே சமைப்பது எங்கள் வழி. கரண்டிக் கணக்கு வைத்துப் பார்த்தோம், அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

இரண்டாவது, பொரித்த எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல், எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. வீட்டில் அளக்கும் கருவி இல்லை. கறுத்தால், கெட்டியானால், நுரை அடங்காமல் இருந்தால் கொட்டிவிடுங்கள். வீட்டில் செக்கு நல்லெண்ணெய், மாலையில் பஜ்ஜிக் கடை என்றால் முதலாவதால் பயனில்லை.

மூன்றாவது, மாத்திரை வடிவ ஆன்டிஆக்சிடன்ட். எண்ணெயில் நல்லதென்றால் மாத்திரையாகவே விழுங்கலாமே என்று கேட்கிறார்கள். 2000இல் வந்த ‘ஹோப்’ ஆய்வில் இதய ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வைட்டமின் இ மாத்திரை வருடக்கணக்கில் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அந்தப் பணத்துக்கு கீரையும் கொய்யாவும் வாங்கலாம்.

## யாருக்கு எது

பிரஷர், கொலஸ்ட்ரால் இரண்டும் இருந்து, வீட்டில் தென்னிந்தியச் சமையல் நடந்தால்: தவிட்டெண்ணெய் நாலு பங்கு, நல்லெண்ணெய் ஒரு பங்கு.

குழம்பும் தோசையும்தான் பிரதானம், பொரிப்பது அபூர்வம், செலவு செய்ய முடியும் என்றால்: முழுக்க நல்லெண்ணெய். எள் ஒவ்வாமை உள்ளவர் தவிர.

வாரத்தில் நாலு நாள் வடை, அப்பளம் பொரிக்கும் வீடு என்றால்: எண்ணெயை மாற்றுவதற்கு முன் அந்த நாலு நாளை ஒன்றாக்குங்கள். பொரிக்கத் தவிட்டெண்ணெய் அல்லது கடலை எண்ணெய்.

மாதக் கடைசியில் கை கடிக்கும் வீடு என்றால்: பாமாயில் பாதி, கடலை எண்ணெய் பாதி, மொத்த அளவு குறைவு. உப்பைக் குறைப்பதற்குச் செலவே இல்லை; ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து.

மாறுவதென்று முடிவு செய்தால் ஒன்று செய்யுங்கள். மாறும் முன் ஒரு வாரம், காலையில் மாத்திரை போடும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் இரண்டு முறை பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எண்ணெயை மட்டும் மாற்றுங்கள். ஆறு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே நாற்காலியில், மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். இரண்டு வாரக் கணக்கையும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். என் அம்மாவுக்கு மேல் அளவு 6 புள்ளி இறங்கியது. டாக்டர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார், தொடர்கிறார்.